நூர் இனாயத் கான்: திரும்பி வராத ஒரு விமானப்படைப் பெண்

நம்மில் பலர் சிறு வயதில் ஜாதகக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். வெசாக் தோரணங்களின் ஓவியங்களிலோ, சிங்களத் தோழியரின் பாடப்புத்தகத்திலோ, நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு கதைப் புத்தகத்திலோ குரங்கரசனின் கதையை எப்போதாவது சந்தித்திருப்போம். மாமரத்தில் வாழ்ந்த குரங்குக் கூட்டத்தை மன்னனின் வில்லாளர்கள் சுற்றி வளைக்கிறார்கள். குரங்கரசன் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு கொடியை இழுத்துக் கட்டுகிறது. கொடியின் நீளம் போதவில்லை. எஞ்சிய தூரத்துக்குத் தன் உடலையே பாலமாக நீட்டுகிறது. அதன் முதுகில் மிதித்து மற்றவையெல்லாம் அக்கரை சேர்கின்றன. பாலமாக நின்ற குரங்கரசன் மட்டும் தப்பவில்லை.

1939ஆம் ஆண்டு இலண்டனில் இருபது ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதிய ஒரு நூல் வெளியானது. இந்தக் கதையும் அதில் உண்டு. எழுதியவருக்கு அப்போது வயது 25. பௌத்தக் கதைகளை எழுதிய அவர் ஒரு முஸ்லிம் சூஃபி ஞானியின் மகள். ஐந்து ஆண்டுகள் கழித்து, பிரித்தானிய மகளிர் துணை விமானப்படையின் அதிகாரியாக, ஜேர்மனியின் டாஹாவ் வதைமுகாமில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தான் நூர் இனாயத் கான்.

நமது சங்கம் நூறு ஆண்டுகளை எட்டியிருக்கும் இவ்வேளையில், நம்மோடு நேரடித் தொடர்பில்லாத இந்தப் பெண்ணைப் பற்றி ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்கலாம். பெண் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் இடங்கள் எல்லாவற்றுக்கும் அவருடைய வாழ்க்கையில் ஒரு செய்தி இருக்கிறது என்பதே என் பதில். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நூர் 1914 ஜனவரி 1ஆம் திகதி மொஸ்கோவில் பிறந்தார். தந்தை ஹஸ்ரத் இனாயத் கான் பரோடாவைச் சேர்ந்த இசைக் கலைஞர். வீணை வாசிப்பிலும் வாய்ப்பாட்டிலும் தேர்ந்தவர். சூஃபி நெறியை மேற்குலகுக்கு எடுத்துச் சென்றவர். தாய் ஓரா ரே பேக்கர் அமெரிக்கப் பெண்மணி. திருமணத்தின் பின் அமீனா பேகம் எனப் பெயர் பெற்றார். தந்தை வழியில் நூர் மைசூரின் திப்பு சுல்தானின் வம்சத்தவர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளை ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில் அடைத்து வைத்ததும், பின்னர் கல்கத்தாவுக்கு அனுப்பியதும் தமிழர் அறிந்த வரலாறு. அந்தக் குடும்பத்தில் வந்த பெண் ஆங்கிலேயரின் சீருடையை அணிந்து உயிர் கொடுத்தார் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

முதலாம் உலக யுத்தம் தொடங்கும் தறுவாயில் குடும்பம் இலண்டனுக்குச் சென்றது. 1920இல் பிரான்சுக்குப் பெயர்ந்து, பாரிஸுக்கு அருகே சுரேன் என்ற இடத்தில் குடியேறியது. நான்கு பிள்ளைகளில் நூர் மூத்தவர். வீடு நிறைய இசையும் பிரார்த்தனையும் விருந்தினரும் இருந்த அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1927இல் இந்தியா சென்றிருந்த தந்தை டெல்லியில் காலமானார். துயரம் தாங்காமல் தாய் அறைக்குள் ஒடுங்கிவிட்டார். 13 வயதுச் சிறுமியான நூர், இரு தம்பிமாரையும் தங்கையையும் தாயையும் கவனிக்கும் பொறுப்பைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். மூத்த பெண்பிள்ளை என்றால் என்னவென்று அறிந்த நம் வாசகியருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வீட்டுப் பொறுப்புகளுக்கு நடுவிலும் அவர் படித்தார். சோர்போன் பல்கலைக்கழகத்தில் குழந்தை உளவியல் பயின்றார். புகழ்பெற்ற ஆசிரியை நாடியா பூலாஞ்சேயிடம் இசை கற்றார். யாழ் போன்ற ஹார்ப் என்ற நரம்புக் கருவியையும் பியானோவையும் வாசித்தார். பிறகு சிறுவர் கதைகள் எழுதத் தொடங்கினார். பிரான்சின் பெரிய நாளேடான லு ஃபிகாரோவில் அவை வெளிவந்தன. பாரிஸ் வானொலியும் அவற்றை ஒலிபரப்பியது. சிறுவர்களுக்கென ஒரு பத்திரிகை நடத்தவேண்டும் என்ற கனவும் அவருக்கு இருந்தது. யுத்தம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

1940 ஜூன் மாதம் ஜேர்மன் படைகள் பாரிஸை நெருங்கின. குடும்பம் போர்தோ வரை சென்று, அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்தை அடைந்தது. தந்தையின் போதனையில் ஊறிய நூரும் தம்பி விலாயத்தும் கொல்லாமையில் நம்பிக்கை கொண்டவர்கள். ஆயினும் நாசிக் கொடுமையைக் கண்டபின் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது சரியல்ல என்று இருவரும் முடிவு செய்தார்கள். பிறரைக் கொல்லாத ஒரு பணி, ஆனால் மற்றவர்களோடு சமமாக ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பணி வேண்டும் என்பதே நூரின் எண்ணமாக இருந்தது.

1940 நவம்பர் 19ஆம் திகதி அவர் மகளிர் துணை விமானப்படையில் மிகக் கீழ்நிலைச் சிப்பாயாகச் சேர்ந்தார். அந்தப் படையைப் பற்றி இங்கே சில வார்த்தைகள் சொல்லவேண்டும். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன், 1939 ஜூனில் அது அமைக்கப்பட்டது. 1943இல் அதில் 1,80,000க்கும் அதிகமான பெண்கள் பணியாற்றினார்கள். அவர்கள் போர் விமானம் ஓட்டவில்லை. ராடார் திரைகளைக் கண்காணித்தார்கள், எதிரி விமானங்களின் போக்கைப் பெரிய மேசை வரைபடங்களில் குறித்தார்கள், பரசூட் மடித்தார்கள், தந்தியும் தொலைபேசியும் இயக்கினார்கள். 1940இல் விமானத்தளங்கள் மீது குண்டுகள் விழுந்தபோது கடமையில் இருந்தபடியே மாண்டவர்களும் அவர்களில் உண்டு. நூருக்குக் கிடைத்தது கம்பியில்லாத் தந்திப் பயிற்சி. இசை பழகிய காதும் விரலும் மோர்ஸ் ஒலிகளை விரைவில் பழகிக்கொண்டன.

பிரெஞ்சு மொழியைத் தாய்மொழிபோல் பேசுபவரும் தந்தி அறிந்தவருமான ஒருவரை இரகசிய அமைப்பொன்று தேடிக்கொண்டிருந்தது. எஸ்.ஓ.ஈ. என அழைக்கப்பட்ட அந்த அமைப்பு, ஜேர்மனியர் பிடியிலிருந்த நாடுகளுக்குள் ஆட்களை இறக்கி, உள்ளூர் எதிர்ப்பியக்கத்துக்கு ஆயுதமும் பணமும் தொடர்பும் ஏற்படுத்திக் கொடுத்து வந்தது. 1942 நவம்பரில் நூர் நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டார். சீருடையின்றிப் பிடிபட்டால் போர்க் கைதிக்குரிய பாதுகாப்பு கிடையாது என்பது அவருக்கு அங்கேயே சொல்லப்பட்டது. அவர் சம்மதித்தார். தாயை விட்டுப் பிரிவது ஒன்றுதான் அவரை வாட்டியது.

பயிற்சி முகாம்களில் அவரைப் பற்றி எழுதப்பட்ட அறிக்கைகள் நல்லவையாக இல்லை. உடல் அசைவில் லாவகம் போதாது, எளிதில் பதறுகிறார், கனவுலகில் இருக்கிறார், அறிவிலும் அவ்வளவு சாமர்த்தியம் இல்லை என்ற தொனியில் அவை இருந்தன. பொய்யும் இரட்டை வேடமும் தனக்கு ஒவ்வாது என்று அவரே ஆசிரியர்களிடம் சொல்லியிருந்தார். ஒற்றருக்கு இதைவிடப் பெரிய குறை என்ன இருக்கமுடியும்? பொய்யாக நடத்தப்பட்ட கெஸ்டாப்போ விசாரணைப் பயிற்சியில் அவர் மிகவும் தடுமாறினார். களத்துக்கு அனுப்பத் தகுதியற்றவர் என்றே சிலர் கருதினார்கள்.

சங்கேதப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த லியோ மார்க்ஸ் என்ற இளைஞர் வேறு வழியில் முயன்றார். நூரைச் சந்திப்பதற்கு முன் அவர் எழுதிய ஜாதகக் கதை நூலைத் தேடி வாசித்தார். சங்கேதத்தில் பிழை விடுவதும் பொய் சொல்வது போன்றதே என்று அந்தக் கதைகளின் துணையோடு அவருக்கு விளக்கினார். அதன்பின் நூரின் சங்கேத வேலையில் பெரிய முன்னேற்றம் தெரிந்தது. நல்ல ஆசிரியர் ஒருவர் பிள்ளையின் குறையைச் சுட்டுவதோடு நிற்காமல், அவளுக்குள் இருக்கும் கதவைத் தேடித் தட்டுகிறார் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

1943 ஜூன் 16ஆம் திகதி இரவு, நிலவொளியில், இங்கிலாந்தின் டாங்மியர் விமானத்தளத்திலிருந்து இரண்டு சிறிய லைசாண்டர் விமானங்கள் புறப்பட்டன. அவற்றில் நூரோடு டயானா ரௌடன், செசிலி லெஃபோர் என்ற இரு பெண்களும் இருந்தார்கள். மூவருமே மகளிர் துணை விமானப்படையைச் சேர்ந்தவர்கள். அமைப்பின் பெண் அதிகாரி வேரா அட்கின்ஸ் அவர்களை வழியனுப்பி வைத்தார். அவர் அணிந்திருந்த வெள்ளிப் பறவை உடையூசியை நூர் அழகென்று சொல்ல, அதைக் கழற்றி நூருக்கே கொடுத்துவிட்டார் என்பார்கள். விமானங்கள் அன்ஜே நகருக்கு அருகே ஒரு வயலில் இறங்கின. அந்த மூன்று பெண்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

நூர் பாரிஸ் சென்று, ஜான் மாரி ரெனியே என்ற குழந்தை பராமரிப்புத் தாதியின் பெயரில் வாழத் தொடங்கினார். அவருடைய இரகசியப் பெயர் மடலீன். பிரான்சுக்குள் அனுப்பப்பட்ட முதலாவது பெண் வானொலி இயக்குநர் அவரே. வந்து பத்து நாட்கள்கூட ஆகவில்லை. அவர் சேரவேண்டியிருந்த பெரிய வலையமைப்பு உடைந்தது. அதன் தலைவர் பிரான்சிஸ் சட்டில் ஜூன் 24ஆம் திகதி கைதானார். அடுத்தடுத்துப் பலர் பிடிபட்டார்கள். தந்தி இயக்குநர்களும் அகப்பட்டார்கள். நிலைமையை இலண்டனுக்கு அறிவித்த நூரை உடனே திரும்பி வரும்படி மேலிடம் கேட்டது. அவர் மறுத்தார். தான் போய்விட்டால் பாரிஸுக்கும் இலண்டனுக்கும் இடையே செய்தி அனுப்ப ஆள் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம்.

இந்த மறுப்பின் பாரத்தை உணர, அவருடைய வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சூட்கேசுக்குள் அடங்கிய, ஏறக்குறைய 15 கிலோ நிறையுடைய வானொலிக் கருவி. பல மீற்றர் நீளமான கம்பியை ஜன்னலுக்கு வெளியே, மரத்தில், கூரையில் கட்டித்தான் அதை இயக்கமுடியும். சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஜேர்மன் வான்கள் தெருத்தெருவாகத் திரிந்தன. ஓரிடத்தில் அதிக நேரம் தந்தி அடித்தால் கதவு தட்டப்படும். இத்தகைய இயக்குநர் ஒருவர் அகப்படாமல் இருக்கக்கூடிய காலம் சுமார் ஆறு வாரங்கள் என்று கணக்கிடப்பட்டிருந்தது. நூர் மூன்றரை மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தார். தலைமுடியின் நிறத்தை மாற்றினார். வீடு விட்டு வீடு மாறினார். தன்னை எல்லோரும் அறிந்த சுரேனுக்கே சென்று பழைய அயலவர் வீடுகளிலிருந்தும் செய்தி அனுப்பினார். ஒருமுறை நிலக்கீழ் ரயிலில் சூட்கேசைப் பற்றி விசாரித்த ஜேர்மன் சிப்பாய்களிடம் அது சினிமாக் கருவி என்று சொல்லித் திறந்தும் காட்டி, தப்பினார் எனச் சொல்லப்படுகிறது. பொய் சொல்லத் தெரியாதவர் என்று அறிக்கை எழுதியவர்கள் அன்று அந்த ரயிலில் இருந்திருக்க வேண்டும்.

ஒக்டோபர் மாத நடுப்பகுதியில், அவரை இங்கிலாந்துக்கு மீட்கும் ஏற்பாடு நெருங்கிய வேளையில், யாரோ காட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்குள் காத்திருந்தவர்களிடம் அவர் அகப்பட்டார். ஆவென்யூ ஃபோஷ் வீதி 84ஆம் இலக்கக் கட்டடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். போய்ச் சேர்ந்ததும் குளியலறை ஜன்னல் வழியே கூரைக்குத் தப்பிச் செல்ல முயன்றார். பிடித்து உள்ளே இழுக்கப்பட்டார். நவம்பர் 25ஆம் திகதி வேறு இரு கைதிகளோடு கூரைத் துவாரத்தின் வழியே மீண்டும் வெளியேறினார். அந்த நேரம் பார்த்து விமானத் தாக்குதல் அபாயச் சங்கு ஒலித்தது. கைதிகளை எண்ணியபோது குறைவு தெரிந்துவிட்டது. இனித் தப்பமாட்டேன் என்று எழுதிக் கையொப்பமிட மறுத்தார். விசாரணையில் அவர் தோழர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று, விசாரித்த ஜேர்மன் அதிகாரியே யுத்தத்தின் பின் சாட்சி சொன்னார்.

அவரைப் போற்றி எழுதும் பலர் ஒரு விடயத்தைத் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். நாம் அப்படிச் செய்யக்கூடாது. நூர் தான் அனுப்பிய, பெற்ற செய்திகளை ஒரு கொப்பியில் எழுதிப் பத்திரமாக வைத்திருந்தார். பாதுகாப்பு விதிக்கு இது முற்றிலும் மாறானது. தனக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் ஒன்றைத் தவறாக விளங்கிக்கொண்டதாலேயே இப்படிச் செய்தார் என்பது பலரின் விளக்கம். கருவியோடு கொப்பியும் எதிரியின் கையில் அகப்பட்டது. அவற்றை வைத்துக்கொண்டு ஜேர்மனியர் நூரே பேசுவதுபோல இலண்டனுக்குச் செய்திகள் அனுப்பினார்கள். இலண்டன் நம்பியது. அந்த நம்பிக்கையில் ஆயுதங்கள் மட்டுமல்ல, ஆட்களும் இறக்கப்பட்டார்கள். 1944 பெப்ரவரி இறுதியில் பரசூட்டில் குதித்த மடலீன் டாமெர்மோ என்ற பெண்ணை நிலத்தில் வரவேற்றவர்கள் ஜேர்மனியரே.

பழி முழுவதையும் நூர் மேல் போடுவது அநியாயம். பயிற்சி முடியாத ஒருவரை அவசரமாக அனுப்பியவர்களும், சந்தேகப்பட இடமிருந்தும் ஆராயாமல் விட்ட மேலதிகாரிகளும் இருந்தார்கள். ஆனால் பிழை நடந்தது உண்மை. அதனால் உயிர்கள் போனதும் உண்மை. உண்மையை உயிராக மதித்த ஒருவரை அரைகுறை உண்மையால் நினைவுகூர்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

நவம்பர் இறுதியில் நூர் ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டார். போர்ட்ஸ்ஹைம் சிறையில் தனியறையில், கையும் காலும் சங்கிலியால் பிணைக்கப்பட்டு, ஏறக்குறைய பத்து மாதங்கள் கழிந்தன. தானாக உண்ணவோ உடுக்கவோ முடியாத நிலை. அடுத்த அறைகளில் இருந்த பிரெஞ்சுப் பெண் கைதிகளோடு அவர் பேசியது உணவுப் பாத்திரத்தின் அடிப்பக்கத்தில் எழுத்துகளைக் கீறித்தான். தாயின் குடும்பப் பெயரைச் சேர்த்து நோரா பேக்கர் என்றும், இலண்டன் டாவிட்டன் வீதி 4ஆம் இலக்கம் என்றும் தன் பெயரையும் முகவரியையும் அவ்வாறே தெரிவித்தார்.

1944 செப்டெம்பரில் அவர் டாஹாவ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கூடவே மூன்று பெண்கள்: யோலாண்ட் பீக்மன், எலியான் பிளூமன், மடலீன் டாமெர்மோ. பீக்மனும் மகளிர் துணை விமானப்படையைச் சேர்ந்தவர். டாமெர்மோ யாரென்று வாசகியருக்கு ஞாபகம் இருக்கும். செப்டெம்பர் 13ஆம் திகதி காலை நால்வரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூருக்கு வயது 30. உடல்கள் எரிக்கப்பட்டதால் கல்லறை என்று எதுவும் இல்லை.

யுத்தம் முடிந்தபின் அந்தப் பெண்களைத் தேடிப் புறப்பட்டவர் வேரா அட்கின்ஸ். அவரும் மகளிர் துணை விமானப்படையின் அதிகாரிதான். முகாம்களுக்குச் சென்றார், சிறை அதிகாரிகளை விசாரித்தார், ஒவ்வொரு பெண்ணின் முடிவையும் தேடினார். நூர் நாட்ஸ்வைலர் முகாமில் இறந்தார் என்று முதலில் தவறாகவே பதிவானது. டயானா ரௌடன் கொல்லப்பட்டது அங்கேதான். அவரோடு இறந்த இன்னொரு பெண்ணை நூரென்று எண்ணிவிட்டார்கள். பாத்திரத்தின் அடியில் பெயரை வாசித்த போர்ட்ஸ்ஹைம் கைதியின் தகவலும் சேர்ந்தே பின்னர் உண்மை துலங்கியது. செசிலி லெஃபோர் 1945இல் ராவன்ஸ்புரூக் முகாமில் மாண்டிருந்தார். அந்தப் பிரிவு பிரான்சுக்குள் அனுப்பிய ஏறத்தாழ 40 பெண்களில் 13 பேர் திரும்பவில்லை.

1949இல் நூருக்கு ஜோர்ஜ் சிலுவை விருது வழங்கப்பட்டது. பிரான்சும் தன் போர்ச் சிலுவையை அளித்தது. தேம்ஸ் நதியைப் பார்த்தபடி ரன்னிமீட் குன்றில் 1953இல் திறக்கப்பட்ட விமானப்படை நினைவாலயத்தில், கல்லறை இல்லாத 20,000க்கும் அதிகமானவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் அவர் பெயரும் ஒன்று. இலண்டன் கோர்டன் சதுக்கத்தில் 2012இல் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது. 2020இல் டாவிட்டன் வீதி 4ஆம் இலக்க வீட்டின் சுவரில் நீல நிற நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. சிறைப் பாத்திரத்தின் அடியில் கீறப்பட்ட அதே முகவரி.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்தச் செய்திக்கு வருகிறேன். நம்மில் பலர் ஆசிரியைகளாக இருந்திருக்கிறோம். இன்னும் சிலர் அதிபர்களாகவும். தேர்ச்சி அறிக்கையில் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதும் பேனா நம் கையில் இருந்திருக்கிறது. கூச்ச சுபாவம், கனவு காண்கிறாள், கவனம் போதாது என்று எழுதியிருப்போம். நம்மைப் பற்றியும் அப்படி எழுதியிருப்பார்கள். நூரைப் பற்றி எழுதப்பட்ட வரிகளும் முழுப் பொய்யல்ல. அவர் கவனக்குறைவானவர்தான், அதன் விலை பெரிது. அவர் மென்மையானவர்தான். ஆனால் மென்மையைக் கோழைத்தனம் என்று எடுத்துக்கொண்டதில்தான் அறிக்கை எழுதியவர்கள் பிழைவிட்டார்கள். 13 வயதில் தம்பி தங்கையருக்குத் தாயாக நின்ற அதே குணம்தான் பாரிஸில் கடைசி இயக்குநராக அவரை நிற்கவைத்தது. அந்தக் குணத்தை அளக்கும் நிரல் எந்த அறிக்கையிலும் இருக்கவில்லை.

இம்மலரை மூடிவைக்கும் முன், வீட்டில் ஒரு சிறு பிள்ளை இருந்தால் குரங்கரசனின் கதையைச் சொல்லுங்கள். சொல்லி முடித்தபின், அந்தக் கதையை எழுதிய ஒரு பெண் இருந்தாள் என்றும் சொல்லுங்கள்.